சென்னை வீட்டில் கார்ன் ஸ்நேக் குட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் மூன்றாவது மாடி வீடு எங்களுடையது. தலைக்கு மேல் நேராக மொட்டை மாடி. அந்த வீட்டில் ஆறு வருடமாக ஒரு கார்ன் ஸ்நேக் இருக்கிறது. வந்தபோது பென்சில் தடிமன், 9 கிராம். இப்போது நாலரை அடி, 610 கிராம். நிறத்தைப் பார்த்து மிளகாய் என்று பெயர் வைத்தோம். புதிதாகக் குட்டி வாங்கியவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்களுக்குப் பாம்பைச் சூடாக வைப்பது கவலை. நமக்கு அதைச் சூட்டிலிருந்து காப்பாற்றுவது கவலை.

இது என்ன பாம்பு? விஷம் இல்லை என்பது உறுதிதானா?

உறுதி. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில், குறிப்பாக ஃப்ளோரிடா, ஜார்ஜியா பக்கம் காடுகளிலும் வயலோரங்களிலும் வாழும் பாம்பு இது. நம்ம ஊர் சாரைப்பாம்பு இருக்கும் அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. எலியைப் பிடித்து, உடலால் சுற்றி நெருக்கிக் கொன்று விழுங்கும். மக்காச்சோளக் களஞ்சியங்களில் எலி தேடி வந்ததால் இந்தப் பெயர் என்று சிலர் சொல்வார்கள். வயிற்றுப் பக்கம் இருக்கும் கட்டம் கட்டமான வடிவம் சோளக்கதிர் மாதிரி இருப்பதால் என்று வேறு சிலர் சொல்வார்கள். தமிழில் 'சோளப்பாம்பு' என்று சொல்லிப் பார்த்தேன். விற்பவர், டாக்டர் இருவருமே விழித்தார்கள். கார்ன் ஸ்நேக் என்றே வைத்துக்கொள்வோம்.

வீட்டில் வளர்ப்பது சட்டப்படி சரியா? போலீஸ் வருமா?

இதை இரண்டாகப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

நம்ம நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. சாரை, மண்ணுளி, கொம்பேறி மூக்கன் என்று எதுவானாலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். "தோட்டத்தில் கிடைத்தது, குட்டிதானே, வளர்க்கிறேன்" என்பது குற்றம்.

வெளிநாட்டு உயிரினங்களின் கதை வேறு. அந்தச் சட்டத்தில் 2022-இல் கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கான சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களை அது நான்காம் அட்டவணையில் சேர்த்தது. அவற்றை வைத்திருப்பவர்கள் பதிவு செய்வதற்கான விதிகள் 2024-இல் வந்தன. பதிவு செய்வது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில். பால் பைத்தான் (ball python என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) இந்தப் பட்டியலில் வரும். கார்ன் ஸ்நேக் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. அதற்காக எப்படி வேண்டுமானாலும் வாங்கலாம் என்று அர்த்தமில்லை. உரிமமும் விலங்குத் தனிமைப்படுத்தல் நடைமுறையும் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பாம்பைக் கொண்டுவருவது கடத்தல். 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த பைகளில் சுங்கத்துறை கைப்பற்றிய உயிரினங்களில் 45 பால் பைத்தான்களோடு 8 கார்ன் ஸ்நேக்குகளும் இருந்தன. "பாங்காக் ஸ்டாக் சார், விலை கம்மி" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

இந்தியாவிலேயே முட்டை பொரித்து வளர்ந்த குட்டியா என்று கேளுங்கள். பில், விற்பவரின் கையெழுத்து, பொரித்த தேதி மூன்றையும் வாங்கி வையுங்கள். பட்டியல்கள் மாறக்கூடியவை என்பதால், பணம் கொடுப்பதற்கு முன் கிண்டியில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிடுவது நல்லது. அரை நாள் போகும், பரவாயில்லை.

குட்டி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதல் கேள்வி, "எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறது, என்ன சாப்பிட்டது?" தொடர்ந்து நான்கைந்து முறையாவது எலிக்குஞ்சு சாப்பிட்ட குட்டியைத்தான் வாங்க வேண்டும். முடிந்தால் உங்கள் கண்ணெதிரில் ஒருமுறை ஊட்டச் சொல்லுங்கள். கையில் எடுத்தால் கயிறு மாதிரித் தொங்கக் கூடாது, பிடிமானம் இருக்க வேண்டும். மூக்கிலோ வாயிலோ நுரை, முதுகெலும்பில் முடிச்சு, கழிவுத் துளையைச் சுற்றிக் காய்ந்த அழுக்கு, இவற்றில் ஏதாவது இருந்தால் வேண்டாம்.

வீட்டுக்கு வந்துவிட்டது. முதல் வாரம் என்ன செய்ய?

ஒன்றும் செய்யாதீர்கள். ஐந்திலிருந்து ஏழு நாள் வரை தண்ணீர் மாற்றுவதைத் தவிர வேறு எதற்கும் கையை உள்ளே விட வேண்டாம். உறவினர்களுக்குக் காட்டுவது, வீடியோ எடுப்பது எல்லாம் அப்புறம். காட்டில் அந்தக் குட்டியைக் கொத்தித் தின்னப் பறவை முதல் பெரிய பாம்பு வரை ஆயிரம் வாய் உண்டு. மேலிருந்து இறங்கும் கை அதற்கு ஒரு வாய்தான். வாலை வேகமாக ஆட்டும், எஸ் வடிவில் வளைந்து நிற்கும், சில சமயம் துர்நாற்றத் திரவத்தைப் பீய்ச்சும். பயந்திருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை.

எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும்?

முதல் ஆறேழு மாதத்துக்கு ஒன்றரை அடி நீள மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். நான்கு பக்கமும் சூடான கம்பியால் துளை போட்டுக்கொள்ளலாம். துளை உங்கள் பேனா ரீஃபில் நுழையும் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. தலை நுழையும் இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும். இரண்டடி நீளம் தாண்டியதும் இரண்டரை, மூன்றடிப் பெட்டி. முழு வளர்ச்சிக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம்.

"எப்படியும் வளரப்போகிறது, இப்போதே பெரியதை வாங்கிவிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கலாம். ஆனால் இலை, மட்டை, பிளாஸ்டிக் கொடி என்று உள்ளே நிரப்ப வேண்டும். வெட்டவெளியாக இருந்தால் குட்டி மூலையிலேயே கிடந்து சாப்பிட மறுக்கும். எனக்கென்னவோ தொடக்கத்தில் சின்ன டப்பாவே வசதி. குட்டி எங்கே இருக்கிறது, சாப்பிட்டதா, கழித்ததா என்று ஒரே பார்வையில் தெரியும்.

மறைவிடம் இரண்டு வேண்டும், ஒன்று வெதுவெதுப்பான பக்கம், மற்றொன்று குளிர்ந்த பக்கம். கடையில் விற்கும் செயற்கைக் குகைக்கு எண்ணூறு ரூபாய் கொடுக்க வேண்டாம். உடைந்த மண்சட்டியின் விளிம்பைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் போதும். உடம்பு இரண்டு பக்கமும் உரசும் அளவுக்கு நெருக்கமாக இருந்தால்தான் குட்டிக்கு நிம்மதி. தண்ணீர்க் கிண்ணம் கவிழாத கனத்தில் இருக்கட்டும்.

அடியில் என்ன விரிப்பது?

நாளிதழ். அழகில்லை, ஆனால் அழுக்கு உடனே தெரியும், உடனே மாற்றலாம். தேங்காய் நார்த்தூள் நம்ம ஊரில் மலிவு என்று எல்லோரும் அதற்கே போகிறார்கள். வறண்ட ஊருக்கு அது நல்ல பொருள். சென்னைக் காற்றின் ஈரத்தில் அது உலர்வதே இல்லை, அடியில் பூஞ்சை பிடிக்கும். தேவதாரு, பைன் மரத்தூள் வேண்டவே வேண்டாம், அந்த வாசனை எண்ணெய் பாம்பின் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. பீரோவில் போடும் நாப்தலீன் உருண்டையும் பாம்பு இருக்கும் அறைக்குள் கூடாது.

கத்திரி வெயிலில் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன்.

கார்ன் ஸ்நேக்குக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 28 முதல் 31 டிகிரி, மறுபக்கம் 23 முதல் 26 டிகிரி இருந்தால் சுகம். இரண்டுக்கும் நடுவில் நகர்ந்து நகர்ந்து தன் உடல் சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளும். வெளிநாட்டுக் குறிப்பில் "ஹீட் மேட் அவசியம்" (பெட்டிக்கு அடியில் ஒட்டும் மின்சார வெப்பத் தாள்) என்று இருப்பது இதற்காகத்தான். சென்னையில் மார்ச் முதல் செப்டம்பர் வரை அறையே 31-ஐத் தாண்டி நிற்கிறது. வெதுவெதுப்பான பக்கம் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது, குளிர்ந்த பக்கம்தான் கிடைப்பதில்லை. 33-ஐத் தாண்டி நாள் முழுக்க இருந்தால் சாப்பாட்டைக் கக்கும், தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கும். 37, 38 டிகிரிப் பெட்டியிலிருந்து தப்பிக்க வழியில்லாத குட்டி சில மணி நேரத்தில் செத்துவிடக்கூடும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அவ்வளவு வேண்டாம், சாதாரண மே மாதத்து 39-லேயே மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை அடுப்பாகிவிடும்.

முதல் கோடையில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். புத்தகப்படி ஹீட் மேட் வாங்கி, சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒட்டிவிட்டு அலுவலகம் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மிளகாய் தண்ணீர்க் கிண்ணத்தில் சுருண்டு கிடக்கிறது. மேட் ஒட்டிய இடத்தில் கை வைக்க முடியவில்லை. அது பிழைத்தது அந்தக் கிண்ணத்தால்தான்.

இப்போது செய்வது இதுதான். ஏப்ரல் வந்ததும் பெட்டியை வெயில் படும் சுவரிலிருந்து எடுத்து, வீட்டின் உள்ளறையில் தரைக்கு அருகே வைத்துவிடுவேன். மேலே அலமாரியில் இருப்பதைவிடத் தரையில் இரண்டு மூன்று டிகிரி குறையும். குளிர்ந்த பக்கத்து மண்சட்டியின் வெளிப்புறத்தில் மட்டும் காலையும் மதியமும் தண்ணீர் தெளிப்பேன். பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்குதான். மிக மோசமான நாட்களில் துணி சுற்றிய ஐஸ் பாட்டிலைப் பெட்டிக்கு வெளியே, ஒரு பக்கச் சுவரை ஒட்டி வைப்பேன். உள்ளே வைக்கக் கூடாது. ஏசி இருந்தால் 27-இல் ஓடட்டும், காற்று நேராகப் பெட்டியில் விழ வேண்டாம். மாடி ஓடுகளில் வெள்ளை கூலிங் பெயிண்ட் அடித்த பிறகு எங்கள் எல்லோருக்குமே வாழ்க்கை கொஞ்சம் மாறியது.

ஹீட் மேட் தேவைப்படுவது டிசம்பர் கடைசி, ஜனவரி இரவுகளில் மட்டும். அதுவும் தெர்மோஸ்டாட்டோடு, பெட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு அடியில். இரண்டு தெர்மாமீட்டர் வாங்குங்கள், பக்கத்துக்கு ஒன்று. மீன் தொட்டிக்கு விற்கும் ஒயர் வைத்த டிஜிட்டல் வகையே போதும். கொளத்தூர் மீன் கடைகளில் கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில்?

இந்தப் பாம்புக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் போதும். வடகிழக்குப் பருவமழையில் நம் வீட்டுக்குள்ளேயே 85 காட்டும். நாள்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் வயிற்றுச் செதில்கள் பழுப்பாகிப் புண்ணாகும், மூச்சில் சளி கட்டும். காற்றுத் துளைகளைக் கூட்டுங்கள். நாளிதழை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தைச் சின்னதாக்குங்கள். வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, விசில் மாதிரிச் சத்தம் வருகிறது என்றால் கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள்.

கரண்ட் இரண்டு நாள் போனால்?

கோடை அல்லாத காலம் என்றால் பாம்புக்கு ஒன்றும் ஆகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. வீட்டிலேயே மிக அமைதியாக இருந்த ஜீவன் மிளகாய்தான். பிரச்சினை எலிகளுக்கு. ஃப்ரீசரில் இருந்ததெல்லாம் உருகிவிட்டது. உருகியதை மறுபடி உறைய வைத்துக் கொடுக்கக் கூடாது, அப்படியே குழி தோண்டிப் புதைத்தேன். அதிலிருந்து ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்கி வைப்பதில்லை.

என்ன சாப்பாடு, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

எலி மட்டும். வளர்ப்பவர்களிடம் உறைய வைத்த வெள்ளைச் சுண்டெலி வாங்கலாம். மயிர் முளைக்காத குஞ்சை பிங்கி என்பார்கள், மெல்லிய ரோமம் வந்ததை ஃபஸ்ஸி, கண் திறந்து துள்ளுவதை ஹாப்பர். கடைக்காரரிடமும் இதே பெயர்களில்தான் கேட்க வேண்டும்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. பாம்பின் உடம்பு மிகத் தடிமனாக இருக்கும் இடத்தைப் பாருங்கள். இரை அதே தடிமனோ அதிகபட்சம் ஒன்றரை மடங்கோ இருக்கலாம். எடைக் கணக்கில் சொன்னால் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சுமார். 15 கிராம் வரை ஒரு பிங்கி, ஐந்து ஆறு நாளுக்கு ஒருமுறை. 30 கிராமை நெருங்கும்போது ஃபஸ்ஸி. 50 தாண்டியதும் ஹாப்பர், வாரம் ஒன்று. 100 கிராமுக்கு மேல் சின்ன எலி, அப்புறம் நடுத்தரம். வளர்ந்த பாம்புக்கு ஒரு பெரிய எலி, பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை.

நான் காலண்டரைவிடத் தராசை நம்புகிறேன். சமையலறைத் தராசு ஒன்றைத் தனியாக வாங்கி, மாதம் இருமுறை ஒரு மூடி போட்ட டப்பாவில் வைத்து எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். குட்டி முதல் வருடத்தில் இரண்டடியைத் தாண்டும், மூன்று வயதுக்குள் கிட்டத்தட்ட முழு நீளம் வந்துவிடும். அதை அவசரப்படுத்த நினைத்து நாலு நாளுக்கு ஒரு எலி திணிப்பவர்கள் உண்டு. பார்க்கப் பெருமையாக இருக்கும். உள்ளே ஈரலில் கொழுப்பு சேரும். வாலுக்கு மேல் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தால் சாப்பாட்டைக் குறையுங்கள்.

முந்தின இரவே எலியை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள். கொடுப்பதற்கு முன் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் குளிக்கும் வெந்நீர்ச் சூட்டில் பத்து நிமிடம். மைக்ரோவேவ் வேண்டாம், வெடிக்கும். சொல்லக் காரணம் இருக்கிறது, கேட்காதீர்கள். நீளமான இடுக்கியால் பிடித்து மெதுவாக ஆட்டிக் காட்டினால் பாய்ந்து பிடிக்கும். உயிருள்ள எலியை உள்ளே விடாதீர்கள். பசி இல்லாத பாம்பை எலி கடித்துக் குதறியதைப் பார்த்திருக்கிறேன்.

அம்மா ஃப்ரீசரில் எலி வைக்க விடமாட்டேன் என்கிறார். எங்கள் வீடு சுத்த சைவம்.

அம்மா சொல்வது நியாயம். தயிரும் இட்லி மாவும் இருக்கும் ஃப்ரிட்ஜில், சைவ வீடோ அசைவ வீடோ, எலியை வைப்பது சுகாதாரமும் இல்லை. ஓ.எல்.எக்ஸில் பழைய மினி ஃப்ரிட்ஜ் ஒன்றை ஃப்ரீசரோடு பிடித்து உங்கள் அறையில் வையுங்கள். இடுக்கி, கிண்ணம், கத்தரி எல்லாம் தனி, கழுவுவதும் சமையலறை சிங்க்கில் அல்ல. இதற்கு வீட்டில் சம்மதம் இல்லையென்றால் பாம்பு வாங்காதீர்கள். எலி தவிர வேறு எதிலும் இது வளராது. பன்னீர் தருகிறேன் என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார்.

வீட்டுப் பல்லி நிறைய இருக்கிறது, அதைப் போடலாமா?

காட்டில் கார்ன் ஸ்நேக் குட்டிகள் சின்னப் பல்லிகளையும் மரத்தவளைகளையும் தின்பது உண்மைதான். அதனால் ஆசையோடு தின்னும். ஆனால் நம் வீட்டுப் பல்லிக்குள் என்னென்ன குடற்புழு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு தொல்லை, பல்லி ருசி கண்ட குட்டி பிங்கியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. காடைமுட்டை, கோழித்துண்டு, மீன் எதுவும் வேண்டாம்.

இரண்டு வாரமாகச் சாப்பிடவில்லை. பயமாக இருக்கிறது.

தோலுரிக்கப் போகிறதா என்று பாருங்கள். கண் பால் மாதிரி மங்கியிருந்தால் பெரும்பாலும் சாப்பிடாது. இல்லையென்றால் தெர்மாமீட்டரைப் பாருங்கள். அடுத்து, நீங்கள் எத்தனை தடவை அதைக் கையில் எடுத்தீர்கள் என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள். பிங்கியோடு ஒரு சின்ன மூடிய டப்பாவில் இருட்டில் இரவு விட்டால் பல குட்டிகள் சாப்பிட்டுவிடும். எடை குறையாதவரை இரண்டு மூன்று வாரம் பெரிய விஷயமில்லை. பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் டாக்டர். வாயைத் திறந்து நீங்களாகத் திணிக்காதீர்கள்.

சாப்பிட்டதைக் கக்கிவிட்டது.

சூடு அதிகம், சூடு போதவில்லை, இரை பெரிது, அல்லது சாப்பிட்ட உடனே யாரோ கையில் எடுத்துவிட்டார்கள். பத்து நாளாவது வயிற்றுக்கு ஓய்வு, தண்ணீர் மட்டும். அடுத்த வேளை வழக்கமானதில் பாதி அளவு. மறுபடியும் கக்கினால் காத்திருக்க வேண்டாம்.

சட்டை உரிப்பது எப்படித் தெரியும்? உதவி செய்யலாமா?

குட்டிகள் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை உரிக்கும். நிறம் மங்கும், கண் நீலம் பாய்ந்த சாம்பலாகும். சில நாளில் கண் தெளியும், "சரியாகிவிட்டது" என்று நினைப்பீர்கள். அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் சட்டை கழலும். மூக்கு நுனி முதல் வால் நுனி வரை ஒரே துண்டாக, காலுறையைக் கழற்றியது போல உள்புறம் வெளியாகக் கிடக்க வேண்டும். சென்னை ஈரத்தில் இது பெரும்பாலும் தானே நடந்துவிடும், நம் காற்று செய்யும் ஒரே உபகாரம். ஏசி அறையில் வளரும் குட்டிகளுக்குத்தான் துண்டு துண்டாகக் கிழியும். அந்த நாட்களில் நனைத்த பாசியோ டிஷ்யூவோ வைத்த சின்ன டப்பாவை உள்ளே வையுங்கள். கழன்ற சட்டையில் கண்மூடி (கண்ணை மூடியிருந்த மெல்லிய தோல்) இரண்டும் வால் நுனியும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வால் நுனியில் வளையமாக மிச்சமிருந்தால் ரத்த ஓட்டம் நின்று வாலே உதிரும். நகத்தால் உரிக்காமல், ஈரத்துணிக்குள் அரை மணி நேரம் ஊர்ந்து வர விடுங்கள்.

கையில் எடுத்துப் பழக்குவது எப்போது? கடிக்குமா?

இரண்டு மூன்று வேளை ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு. முதலில் ஐந்து நிமிடம், வாரம் இரண்டு மூன்று முறை. மேலிருந்து கவ்வாமல் பக்கவாட்டில் அடியில் கைவிட்டுத் தூக்குங்கள். சாப்பிட்ட 48 மணி நேரத்துக்குத் தொடாதீர்கள். கடித்தால் ரோஜா முள் கீறியது மாதிரி இருக்கும், சோப்புப் போட்டுக் கழுவினால் முடிந்தது. எலி தொட்ட கையை அப்படியே நீட்டினால் அது கடிப்பது அதன் தவறில்லை. தொட்ட பிறகும் கை கழுவ வேண்டும், ஊர்வனவற்றின் மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம்.

எறும்பு, கொசு, உண்ணி?

எறும்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பெட்டியில் மறந்துபோன ஒரு பிங்கியைத் தேடி ஒரே இரவில் படை வரும், சின்னக் குட்டியையும் விடாது. மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள், நம் பாட்டிகள் பலகாரப் பெட்டிக்குச் செய்ததுதான். எறும்பு சாக்பீஸ், கரப்பான் ஸ்ப்ரே, கொசுவர்த்திச் சுருள், செருகும் கொசு திரவம் எதுவும் அந்த அறையில் வேண்டாம், பூச்சிக்கு வைக்கும் மருந்து குட்டியின் நரம்பையும் பாதிக்கும். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் அது பாம்பு உண்ணி. பெட்டியைக் காலி செய்து கழுவி, டாக்டர் சொல்லும் மருந்து மட்டும்.

பெட்டியில் காணவில்லை!

முதலில் கழிப்பறைக் கதவையும் தண்ணீர் போகும் ஓட்டைகளையும் அடையுங்கள். பெரும்பாலும் அதே அறையில், சுவரோரமாக, இருட்டான வெதுவெதுப்பான இடத்தில் இருக்கும்: ஃப்ரிட்ஜ் மோட்டார் பின்னால், இன்வெர்ட்டர் அடியில், புத்தக வரிசைக்குப் பின்னால். இரவில் ஒவ்வொரு வாசற்படியிலும் கோலமாவை மெல்லிய பட்டையாகத் தூவி வையுங்கள். காலையில் அலை அலையாகத் தடம் தெரியும், எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போனது என்று. மிளகாயை நான் ஐந்தாம் நாள் அப்படித்தான் பூஜை அலமாரிக்குக் கீழே கண்டுபிடித்தேன். மாமியார் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டது என் அதிர்ஷ்டம்.

ஹவுஸ் ஓனரிடம், பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். வாங்குவதற்கு முன்பே. சென்னையில் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்று நினைத்து அடிப்பது இன்றும் நடக்கிறது. உங்கள் ஆரஞ்சுக் குட்டி படிக்கட்டில் தென்பட்டால் அதன் கதி என்ன என்று யோசியுங்கள். நான் தளத்தில் இருக்கும் நான்கு வீட்டிலும் படத்தைக் காட்டி, "இது கண்ணில் பட்டால் அடிக்காதீர்கள், எனக்கு போன் பண்ணுங்கள்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேலைக்கு வரும் அக்காவிடமும் சொன்னேன். அந்த அறையைப் பெருக்க மாட்டேன் என்றார். சரி, நானே பெருக்கிக்கொள்கிறேன்.

எந்த டாக்டரிடம் போவது?

நாய், பூனை பார்க்கும் எல்லோரும் பாம்பு பார்ப்பதில்லை. அவசரம் வருமுன்பே இரண்டு மூன்று கிளினிக்குகளுக்கு போன் செய்து ஊர்வன பார்ப்பீர்களா என்று கேட்டு வையுங்கள். வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, அங்கும் விசாரிக்கலாம். துணிப்பைக்குள் விட்டு, முடிச்சுப் போட்டு, துளையிட்ட டப்பாவில் வைத்து எடுத்துப் போங்கள். எடை எழுதிய நோட்டும் கூட வரட்டும், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஜோடியாக வளர்க்கலாமா? தனியாக இருந்தால் ஏங்காதா?

ஏங்காது. இரண்டைச் சேர்த்து வைத்தால் ஒன்று மற்றொன்றை விழுங்குவதும் நடந்திருக்கிறது.

ஆடி வெள்ளிக்குப் பால் வைக்கச் சொல்கிறார் பாட்டி.

பாம்புக்குப் பால் செரிக்காது. பாட்டியிடம் தண்ணீர்க் கிண்ணத்தை அன்று அவர் கையால் மாற்றச் சொல்லுங்கள்.

எத்தனை வருடம் வாழும்? வளர்க்க முடியாமல் போனால் காட்டில் விட்டுவிடலாமா?

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 வருடம். பிளஸ் டூ படிக்கும்போது வாங்குபவர்கள், கல்லூரி, வெளியூர் வேலை, கல்யாணம் எல்லாம் இந்தக் கணக்குக்குள் வரும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

வெளியே விடக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும். செங்கல்பட்டுப் பக்கத்தில் பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது நினைவிருக்கும். 2017-இல் அவர்களை ஃப்ளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். செல்லப்பிராணியாக வாங்கப்பட்டுத் தப்பியும் விடப்பட்டும் போன பர்மா மலைப்பாம்புகள் அங்கே சதுப்புக்காட்டில் பெருகி, முயல் முதல் மான் வரை தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அவற்றைத் தேட நம்ம ஊர் ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஒரு மாதத்துக்குள் இருபதுக்கும் மேல் பிடித்தார்கள். கார்ன் ஸ்நேக்கின் சொந்த ஊரும் அதே ஃப்ளோரிடாதான். எதிர்ப்பக்கமாக அதே தவறை நாம் இங்கே செய்ய வேண்டாம்.

வைத்துக்கொள்ள முடியவில்லையென்றால் முதலில் விற்றவரிடமே திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள், வாங்கும் அன்றே இதைப் பேசி வைத்திருந்தால் எளிது. அடுத்து, அனுபவமுள்ள வேறொரு வளர்ப்பவர், பில்லோடும் எடை நோட்டோடும். அதுவும் நடக்கவில்லையென்றால் வனத்துறையிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். பூங்கா வாசலில் அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டு ஓடிவராதீர்கள். வெயிலில் அந்தப் பெட்டி எவ்வளவு சூடாகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.